காம்போசம் செல்வோர் கட்டவேண்டிய மூட்டை

பள்ளி விடுமுறை நெருங்குந்தோறும் எம்மை நாடி வரும் கடிதங்களுட் சில, "தூரதேசம் ஒன்றுக்குக் குடும்பத்துடன் சென்றுவர எண்ணியுள்ளோம், எதை எடுத்துச் செல்வது, எதை விடுத்துச் செல்வது?" என்று வினவுகின்றன. இதற்குப் பொதுவாக விடை கூறுதல் எளிதன்று. குளிர்நாட்டுக்குச் செல்வோர் கம்பளிக்கு அஞ்சியேனும் முன்கூட்டி ஆயத்தம் செய்கின்றனர். நம் நாட்டைப் போலவே வெயிலும் மழையும் நுளம்பும் உள்ள நாட்டுக்குச் செல்வோரோ, "நமக்குத் தெரியாத வெயிலா?" என்று எண்ணி, கையை வீசிக்கொண்டு புறப்பட்டு விடுகின்றனர். நாமும் அவ்வாறு புறப்பட்டவரே. ஆதலால், சரித்திரப் புத்தகங்களிற் காம்போசம் என்று படித்ததும், இன்று கம்போடியா என்று வழங்குவதுமாகிய நாட்டுக்கு 2023ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் எம் குடும்பத்துடன் சென்று பெற்ற அறிவை ஈண்டுச் சொல்லுகின்றோம்.

செல்லவேண்டும் என்று முதலில் விரும்பியவர் எம் அன்னையார். அப்போது அவருக்கு 74 வயது. முழங்கால் நோவும் இரத்த அழுத்தமும் உடையவர். நல்லூருக்கு அப்பால் நெடுந்தூரம் போகாதவர். அந்நாட்டிலே பந்தியாய் சிரேய் என்னும் சிவாலயத்தில், ஆடும் பெருமானின் திருவடிக்கீழ்க் காரைக்கால் அம்மையார் கல்லில் வடிக்கப்பட்டிருக்கிறார் என்று ஒருநாள் நாம் வாசித்துக் காட்டினோம். கேட்டுக்கொண்டிருந்தவர், "கண்ணில பூ விழ முந்தி அம்மையாரை ஒருக்கால் பாத்திட வேணும் தம்பி" என்றார். கண்புரைக்கு வைத்தியர் நாட் குறித்திருந்த காலம் அது. அவ்வளவுதான், வீட்டில் வேறு பேச்சு எழவில்லை.

முதலிற் பருவத்தைப் பார்த்தல் வேண்டும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஏப்பிரல், ஆகஸ்ட், டிசம்பர் என மூன்று விடுமுறைகளே உண்டு. அந்நாட்டில் மே முதல் ஒக்டோபர் வரை மழைக்காலம்; நவம்பர் முதல் ஏப்பிரல் வரை வறட்சிக்காலம். வறட்சிக்காலத்தின் இறுதியாகிய ஏப்பிரலில் வெயில் நாற்பது பாகையை எட்டுவதுண்டு. கற்கோயில்களோ வெயிலைக் குடித்து, மாலைவரை அடுப்புக்கல்லைப் போல உமிழ்ந்துகொண்டிருக்கும். மேலும், நமக்குச் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் அதே நாட்களிலேதான் அவர்களுக்கும் புத்தாண்டு. ஊர் முழுவதும் கொண்டாட்டத்தில் இருக்க, கடைகள் பல மூடப்பட்டிருக்கும். ஆகஸ்டில் மழை வந்தாலும், அது பெரும்பாலும் பிற்பகலிற் பெய்து ஓயும், கூட்டமும் குறைவு. அக்காலத்தில் மேகொங் ஆற்று வெள்ளம் மிகுந்து, தொன்லே சாப் ஆறு வந்த வழியே திரும்பி ஓடும். வறட்சியில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீற்றராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, பன்மடங்கு விரிந்து கடல்போற் காணப்படும். பூமிசாத்திரம் பயிலும் மாணவர்க்கு அக்காட்சி ஒன்றே போதும். ஆயினும் முதியோரை அழைத்துச் செல்வோர்க்கு டிசம்பரே ஏற்றது. காற்றுக் குளிர்ந்திருக்கும், காலையில் ஒரு மெல்லிய சால்வை கூட வேண்டியிருக்கும். கூட்டமும் விலையும் மிகுந்திருத்தலைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும்.

கடவுச்சீட்டு, நாட்டினுட் புகும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாதல் வேண்டும். விசா விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவன, அடிக்கடி மாறுவன. ஒரு தேசத்தாருக்கு விமான நிலையத்திலேயே கிடைப்பது மற்றொரு தேசத்தாருக்குக் கிடையாது. ஆகவே அயல்வீட்டார் சென்று வந்த கதையை நம்பிவிடாது, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அன்றைய விதி யாது என்பதைக் கம்போடிய அரசின் தூதரகத்திலோ உத்தியோக இணையத்தளத்திலோ அறிந்து, விசாவைக் கையிற் பெற்ற பின்னரே புறப்படுக. அரச தளத்தைப் போலவே தோற்றங்காட்டி இருமடங்கு பணம் பறிக்கும் தளங்களும் உள. 2024ஆம் ஆண்டிலிருந்து விமானத்தில் வருவோர், வருமுன் ஏழு நாளுக்குள் மின்னியல் வருகைப் படிவம் ஒன்றையும் நிரப்புதல் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கேட்பவன் எவனாயினும் அவனை நம்பற்க.

கட்டுநாயக்காவிலிருந்து செல்வோர் பெரும்பாலும் பாங்கொக், சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய இடங்களுள் ஒன்றில் விமானம் மாறுகின்றனர். மாறுமிடத்திற் பெட்டி தானாகவே செல்லுமா, நாமே எடுத்து மீண்டும் ஒப்படைக்கவேண்டுமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டறிதல் வேண்டும். தாய்லாந்திலிருந்து தரைவழியே போவது மலிவு என்று முன்பு சொல்வதுண்டு. 2025ஆம் ஆண்டில் இரு நாடுகளும் எல்லையிற் போரிட்டன. தரைவழிக் கடவைகள் மூடப்பட்டன. அவ்வழியை நம்பிப் பயணத்தை வகுத்தல் தகாது. எல்லையின் மலையுச்சியில் உள்ள பிரேயா விகியர் சிவாலயம் நம்மவர் மனத்தை ஈர்ப்பதே. ஆயினும் அதனைக் கண்ணாற் காணாமல் திரும்புவதில் இழுக்கொன்றும் இல்லை.

சியெம் ரீப் நகரின் விமான நிலையம் பற்றியும் ஒரு சொல். பழைய வழிகாட்டி நூல்கள், நிலையம் நகருக்கு அண்மையில் உள்ளதென்றே கூறும். 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது மூடப்பட்டு, நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிற் புதிய நிலையம் திறக்கப்பட்டது. நாம் பழைய நூலையே நம்பிச் சென்று, இரவு பத்து மணிக்கு வாகனக் கட்டணத்தைக் கேட்டுத் திகைத்து நின்றோம். தங்குமிடத்தாரிடம் முன்னரே சொல்லி வாகனம் அமைத்துக்கொள்வது நன்று.

பணம் அமெரிக்க டொலராகவே செல்லும். அந்நாட்டு ரியெல் ஏறத்தாழ நாலாயிரம் சேர்ந்தால் ஒரு டொலர். டொலர்ச் சில்லறைக் காசு அங்கே வழங்குவதில்லை. மீதியை ரியெல் தாள்களாகவே தருவர். நம் ரூபாவை அங்கு மாற்றலாம் என்று எண்ணற்க. வங்கியில் டொலர் வாங்கும்போது ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். சிறு கிழிசல், மைக்கறை, முத்திரை அடையாளம் இருப்பின் அங்குள்ள கடைக்காரர் தலையை ஆட்டித் திருப்பித் தந்துவிடுவர். நூறு டொலர்த் தாளிலும் ஒன்று, ஐந்து, பத்து டொலர்த் தாள்களே உதவும்.

இனி மருந்து. இதனைச் சற்று விரித்தே சொல்லுகின்றோம். ஏனெனில் இங்கேதான் நாம் பெரும் பிழை செய்தோம். மூன்று பெட்டிகளை விமானத்தில் ஒப்படைத்தோம். இரண்டே வந்து சேர்ந்தன. வராத பெட்டியிலே அன்னையாரின் மருந்துகள் அனைத்தும் இருந்தன. "கைப்பையில வையுங்கோ" என்று இல்லாள் சொன்னதை, பாரம் கூடுமென்று தட்டிக் கழித்தவர் நாமே. வைத்தியரின் மருந்துச் சீட்டோ யாழ்ப்பாணத்து வீட்டு மேசை இழுப்பறையில் உறங்கிக்கொண்டிருந்தது. தம்பிக்குத் தொலைபேசியிற் சொன்னோம். அவர் வீட்டுக்குச் சென்று, சீட்டிற் கண்ட பெயர்களை எழுத்தெழுத்தாக வாசித்தார். அவற்றை எழுதிக்கொண்டு சியெம் ரீப் மருந்துக்கடைக்குச் சென்றால், கடைக்காரப் பெண் இரக்கத்துடன் தலையசைத்தாள். அப்பெயர்கள் யாவும் வணிகப் பெயர்கள். ஒரு நாட்டில் விற்கும் பெயர் மறுநாட்டில் இல்லை. மருந்தின் மூலப்பெயர் வேண்டும் என்றாள். மீண்டும் தம்பி, மீண்டும் யாழ்ப்பாணத்து மருந்துக்கடை, அது ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது.

அன்றிரவு அன்னையாருக்குத் தலைசுற்றல் கண்டது. தங்குமிடத்தார் ஒரு சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றனர். அளந்து பார்த்தபோது அழுத்தம் 180க்கு மேல் நின்றது. அங்கிருந்த இளம் வைத்தியர், "இவர் எந்த மருந்தை எவ்வளவு உண்டார்?" என்று கேட்டார். மகன் ஆகிய எமக்கு விடை தெரியவில்லை. வகுப்பறையில் ஆயிரம் கேள்வி கேட்டவர் அன்று ஒரு கேள்விக்குத் தலை குனிந்து நின்றோம். அன்னையாரோ கட்டிலிற் கிடந்தபடி, "மருந்தில்லாமல் சாகிறதெண்டால் ஊரிலேயே செத்திருக்கலாமே, இவ்வளவு காசு செலவழிச்சு வரவேணுமே!" என்றார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மறுநாட் பகலில் தம்பி லொசார்ற்றன், அம்லோடிபின் என்ற இரு பெயர்களையும் அளவுகளையும் படம் பிடித்து அனுப்பினார். அவை அங்கே தாராளமாகக் கிடைத்தன. பெட்டி நான்காம் நாள் வந்தது, ஒரு வார்த்தை மன்னிப்பும் இன்றி.

எனவே: மருந்து முழுவதும் கைப்பையிலே, அதன் உறையுடனேயே இருத்தல் வேண்டும், தங்கும் நாளினும் ஒரு வாரம் கூடுதலாக வேண்டும். வைத்தியரிடம் மூலப்பெயரும் அளவும் தெளிந்த எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதுவித்து, ஒரு பிரதி கையிலும், ஒரு பிரதி பிள்ளைகளிடத்தும், ஒரு படம் தொலைபேசியிலும் வைத்தல் வேண்டும். பிரயாணக் காப்புறுதி வாங்கும்போது, முன்னரே உள்ள நோய்க்கும் அது செல்லுமா, பெரிய மருத்துவமனைக்கு வேறு நாடு கொண்டுபோகும் செலவையும் ஏற்குமா என்று சிறிய எழுத்துக்களை வாசித்துப் பாருங்கள். நாம் வாசிக்கவில்லை.

புறப்பட ஆறு வாரத்துக்கு முன் வைத்தியரைக் கண்டு, ஏற்பு, தைபோயிட்டு, ஈரலழற்சி ஆகியவற்றுக்குத் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்டல் நன்று. மலேரியா காட்டுப்புறங்களிலேதான் அஞ்சத்தக்கது. டெங்கோ நகரிலும் உண்டு. அதனைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது என்பதை நாம் சொல்லியா நம் வாசகர் அறியவேண்டும்? நீண்ட கைச்சட்டையும் பூச்சுத் தைலமும் கொண்டு செல்க. போத்தல் நீரையே பருகுக. ஜீவனிப் பொதி அரை டசினை மறவாதீர். வெயிலிற் கோயில் கோயிலாக ஏறி இறங்கும்போது அதன் அருமை தெரியும். அங்கோர் காட்டுக் குரங்குகள் பிள்ளைகளின் கையிலிருப்பதைப் பறிக்கும்; அவற்றோடு விளையாட விடுதல் ஆகாது. கடித்தாலும் கீறினாலும் உடனே கழுவி, விசர்நாய்க்கடிக்கு இடும் ஊசி இடவேண்டிவரும்.

அங்கோர் கோயில்களுக்கு அனுமதிச்சீட்டு ஒருநாளைக்கு 37 டொலர், மூன்று நாளைக்கு 62 டொலர், ஏழு நாளைக்கு 72 டொலர். 2017ஆம் ஆண்டு முதல் இவ்விலையே. ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு டொலர் காந்தா போபா சிறுவர் மருத்துவமனைகளுக்குச் செல்கின்றது. மூன்று நாட் சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். அன்னையார் படுத்திருந்த நாட்கள் எமக்கு நட்டமாகாதது இவ்விதியினால்தான். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டியதில்லை. வயதைக் காட்டக் கடவுச்சீட்டு வேண்டும். ஆனால் அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்கு அவர்களை ஏறவிடார். எம் மகனுக்குப் பத்து வயது. அவன் கீழே பாட்டியோடு அமர்ந்து முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கின்றது. அவனைத் தேற்றியது மேற்கு மண்டபத்துச் சுவரில் நீண்டு கிடக்கும் இலங்கைப் போர்ச் சிற்பம். தன் நாட்டு அரசன் இராவணன் பல தலையும் பல கையுமாக அங்கே தேரில் நிற்கக் கண்டு, "எங்கட ஆள்!" என்று கூவினான்.

தோளும் முழங்காலும் மறைய உடுத்தாலன்றி உள்ளே விடார். பருத்தி வேட்டி, நீண்ட பாவாடை, எளிதிற் கழற்றும் சப்பாத்து, தொப்பி, குடை ஆகியவை போதும். அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். அதன் பின்னே சூரியன் எழுவதைக் காண விடியுமுன் கூட்டம் திரளும். கைவிளக்கு வேண்டும். சூரியவர்மன் என்னும் பெயருடைய இரண்டாம் அரசன் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே திருமாலுக்கு எடுப்பித்தது அது. பாற்கடல் கடையும் சிற்பம் மட்டும் ஏறத்தாழ 49 மீற்றர் நீளம். பிள்ளைகளுக்கு இக் கதைகளை ஊரிலேயே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். அங்கே போய்ச் சொல்ல நேரமும் நிழலும் இரா.

நகர்ப்புறத்தையும் பெருங்கோயில்களையும் விட்டு நாட்டுப்புறம் செல்வோர் பாதையை விட்டு விலகுதல் கூடாது. நிலக்கண்ணி இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை. வன்னியில் வாழ்ந்தவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை; யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கண்ணி அகற்றிய ஹலோ ட்ரஸ்ட் நிறுவனத்தார் அங்கும் அதே பணியைச் செய்கின்றனர். கண்ணியை மோப்பம் பிடிக்கப் பழக்கிய ஆபிரிக்கப் பேரெலிகள் அங்கே தொழில் புரிகின்றன. மகாவா என்னும் எலி நூற்றுக்கு மேற்பட்ட வெடிபொருள்களைக் கண்டுபிடித்து, 2020ஆம் ஆண்டில் பிரித்தானிய விலங்குநல நிறுவனம் ஒன்றின் பொற்பதக்கம் பெற்று, 2022இல் இறந்தது. சியெம் ரீப்பில் அவ்வெலிகளைப் பார்வையாளர்க்குக் காட்டுகின்றனர். பிள்ளையாரின் வாகனத்துக்கு இத்துணை மதிப்பு நம் நாட்டிற் கிடைத்திலது.

தலைநகராகிய புனோம் பென்னில் துவோல் சிலெங் என்னும் இடத்தைக் காண்பதா, வேண்டாமா என்று வீட்டிலேயே தீர்மானித்துச் செல்லல் வேண்டும். 1975 ஏப்பிரல் முதல் 1979 ஜனவரி வரை நடந்த கொடுங்கோல் ஆட்சியில் ஏறத்தாழ பதினேழு இலட்சம் மக்கள் மாண்டனர். துவோல் சிலெங் அதற்குமுன் ஓர் உயர்தரப் பள்ளிக்கூடம். வகுப்பறைகளைச் செங்கல்லால் அறை அறையாகத் தடுத்துச் சிறையாக்கினர். 2025ஆம் ஆண்டில் அது உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மகனை இல்லாளிடம் விட்டு, பதினாறு வயது மகளோடு சென்றோம். இருபது ஆண்டு வகுப்பறையில் நின்ற எமக்கு, அவ்வறைகளின் சாளரமும் தளமும் கரும்பலகையும் பழகியனவாகவே இருந்தன. மகள் வெளியே வரும்வரை ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அவள் கேட்டவற்றுக்கு நாம் முழுமையாக விடை கூறினோம் என்று சொல்லமாட்டோம்.

சைவ உணவினர்க்கு உணவு ஒரு சோதனையே. மீனைப் புளிக்கவைத்துச் செய்யும் பிரகொக் என்னும் பண்டமும் மீன்சாறும் காய்கறிக் கறியிலும் கலந்திருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் வரும். "மீனும் வேண்டாம்" என்றால் மீன்சாறு வரும். தங்குமிடத்தாரைக் கொண்டு, "இறைச்சி, மீன், மீன்சாறு ஒன்றும் சேராது" என்று கெமர் மொழியில் ஒரு அட்டையில் எழுதுவித்துக் காட்டினோம், அதன்பின் தொல்லையில்லை. அவலும் பருப்புப்பொடியும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் பொரிவிளாங்காயும் கொண்டு சென்றது நல்லதாயிற்று. கைக்கொண்டு சென்றிருக்கவே வேண்டாதது பனங்கட்டி. பனையே அந்நாட்டின் தேசிய மரம்! பந்தியாய் சிரேய் போகும் வழியில் வீட்டுக்கு வீடு பதநீர் காய்ச்சி, வட்டு வட்டாக வார்த்து, ஓலையிற் பொதிந்து விற்கின்றனர். அன்னையார் வாகனத்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு துண்டை வாயிலிட்டார். "எங்கட பனங்கட்டிதான், கொஞ்சம் மணம் குறைவு" என்று தீர்ப்புக் கூறினார். அம் மொழிபெயர்ப்பை விற்ற பெண்ணுக்கு நாம் செய்யவில்லை.

அது நாம் அங்கு வந்த ஆறாம் நாள். அழுத்தம் இறங்கியிருந்தது. வைத்தியர், காலை வேளையிற் சென்று பத்து மணிக்குள் திரும்புவதாயின் போகலாம் என்று ஒப்பினார். சியெம் ரீப்பிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கி.பி. 967இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயில் மிகச் சிறியது. செந்நிறக் கல், மரத்தைச் செதுக்கினாற் போன்ற வேலைப்பாடு. படிகள் உயரமில்லை என்பதை முன்னரே கேட்டறிந்திருந்தோம். மடக்கு நாற்காலி ஒன்றும் எடுத்துச் சென்றோம். இராவணன் கைலையைப் பெயர்க்கும் சிற்பத்தின் முன் மகன் மீண்டும் தன் உறவைக் கொண்டாடினான்.

கிழக்கு வாயில் முகப்பிலே, பத்துக் கரம் வீசி ஆடுகின்றார் பெருமான். கீழே ஒரு மூலையில், வற்றிய உடலும் தொங்கிய தனமுமாக ஓர் உருவம் அமர்ந்திருக்கின்றது. காரைக்கால் அம்மையார் என்றே அதனை அறிஞர் கொள்கின்றனர். நாம் விரலை நீட்டிக் காட்டினோம். அன்னையார் நாற்காலியிலிருந்து எழுந்து, நெற்றியிற் கையை மறைத்துப் பார்த்தார். "எங்கை தம்பி?" என்றார். மீண்டும் காட்டினோம். "ஏதோ சிவப்பாத் தெரியுது" என்றார். புரை படர்ந்த கண்ணுக்கு, ஆளுயரத்துக்கு மேலே இருக்கும் சிறு உருவம் புலப்படவில்லை.

ஆறு மாதம் ஆயத்தம் செய்தோம். இருகண் தொலைநோக்கி ஒன்று எடுத்துச் செல்லவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. மகள்தான் தன் தொலைபேசியாற் படம் பிடித்து, விரலாற் பெருப்பித்து, பாட்டியின் கண்ணருகே பிடித்தாள். அன்னையார் அதனைத் தம் கையில் வாங்கி, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்பு, "மெலிஞ்சுதான் இருக்கிறா, ஆனால் முகத்தில ஒரு குறையும் இல்லை" என்றார். தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்காமலே வாயிலை நோக்கிக் கைகூப்பினார்.

பத்து மணிக்குள் திரும்பிவிட்டோம்.